மதியச் சாப்பாட்டுக்குச் சான்று

எங்கள் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்க வந்தவர்கள் யாரும் பட்டத்துக்காக வந்ததாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உலகத்தைப் புரிந்துகொள்ள வந்தோம் என்பார்கள். சேர்க்கை நேர்காணலில் நானும் அதையேதான் சொன்னேன். உண்மையில், கணக்கில் நல்ல மார்க் இருந்தும் இஞ்சினியரிங் வேண்டாம் என்று ஒரு நாள் கோபத்தில் சொல்லித் தொலைத்துவிட்டேன். அப்பா முன்னால் அந்தப் பேச்சிலிருந்து பின்வாங்க ரோஷம் இடம் தரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

எங்கள் சொந்தத்தில் பி.ஏ. என்பது மற்ற எல்லாக் கதவும் சாத்தப்பட்ட பிறகு போய் நிற்கிற இடம். எவ்வளவு பெரிய கட்டடத்தில் படித்தாலும் பி.ஏ. பி.ஏ.தான். கொடுமுடியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமாவிடம் பக்கத்து இலைக்காரர் என்னைக் காட்டி என்ன படிப்பு என்று கேட்டார். மாமா ரசத்தைப் பிசைந்துகொண்டே, பெரிய காலேஜ், ஏசி எல்லாம் உண்டு என்று கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார். என் படிப்பைக் காப்பாற்ற அவரால் முடிந்தது அதுதான்.

ஏசி இருந்தது வாஸ்தவம். மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே பிரிந்து போனால், மலை அப்படியே எதிரில் நிற்கும். கதவைத் திறந்து வைத்தால் போதும், குளிரக் குளிரக் காற்று வரும். அந்த இடத்தை நாலு பக்கமும் கண்ணாடி வைத்து அடைத்து, உள்ளே ஏசி போட்டிருந்தார்கள். நிலைத்த வளர்ச்சி பற்றிய வகுப்புக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போவோம்.

மெஸ் இன்னொரு அதிசயம். கினோவா என்ற தானியம் தினமும் ஒரு பாத்திரத்தில் இருக்கும், யாரும் தொடமாட்டார்கள், ஆனாலும் இருக்கும். வியாழக்கிழமைகளில் அரிசிம்பருப்பு சாதம் போட்டு, அதற்கு முன்னால் 'ஹெரிட்டேஜ் ரைஸ்' என்று ஒரு சின்னப் பலகை வைப்பார்கள். டெல்லிக்காரர்கள் அதைப் படம் எடுப்பார்கள். வீட்டில் காய்கறி வாங்க மறந்த நாளில் அம்மா செய்கிற அவசரச் சாப்பாடு அது என்று சொல்லி அவர்கள் மனதை நான் கெடுக்கவில்லை.

பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். கைத்தறிக் குர்தா போடுவார். தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார், சார் என்றால் முகம் வாடிவிடும். வாத்தியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வளையவில்லை. அதனால் மூன்று வருடமும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே ஓட்டினேன். அவர் என்னைப் பார்க்கும்வரை பக்கத்தில் போய் நின்று லேசாக இருமுவேன்.

அவருக்கு எதற்கும் சான்று வேண்டும். மழை பெய்கிறது என்றால் எத்தனை பேர் நனைந்தார்கள் என்று கேட்பார். கருத்து என்பது சோம்பேறிகளின் சொத்து என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாவற்றிலும் கருத்து உண்டு, சான்று ஒன்றுக்கும் கிடையாது. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வளாகத்தைச் சுத்தம் செய்ய நாற்பது ஐம்பது பெண்கள் வருவார்கள். சேலைக்கு மேல் பச்சைக் கோட்டு, தலையில் வலை. ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆட்கள். பல்கலைக்கழகம் அவர்களைத் தன் ஆட்கள் என்று சொல்லாது, ஆனால் விளம்பரப் படத்தில் தரை பளபளக்கும். நாங்கள் சாப்பிட்டு முடித்த பிறகு, இரண்டேகால் மணிக்கு, அவர்கள் மெஸ்ஸில் மிச்சம் இருப்பதைப் போட்டுச் சாப்பிடுவார்கள். யாரும் உத்தரவு போட்டு வந்த வழக்கமில்லை. சோறு இருந்தது, பசி இருந்தது, பழைய மெஸ்காரர் பார்க்காத மாதிரி இருந்தார்.

நான் மூன்றாம் வருடம் வந்தபோது மெஸ் கைமாறியது. புதியவர் மீந்த சோற்றை எடை போட்டு, வளாகத்தின் பின்பக்கம் புதிதாகக் கட்டிய சாண எரிவாயுத் தொட்டி மாதிரியான ஒன்றில் கொட்டினார். அதில் வரும் வாயுவில் மெஸ்ஸின் ஒரே ஒரு அடுப்பு எரிந்தது. பெற்றோர்கள் வந்தால் அந்த அடுப்பைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பச்சைக் கோட்டுக்காரர்களுக்குச் சோறு போட உத்தரவு இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அவர்களும் உத்தரவு கேட்கவில்லை, கேட்டால் வேலை போகும் என்று நினைத்துத்தான் கேட்கவில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

முதலில் இதைக் கவனித்தது நான் இல்லை, என் அறைத்தோழி. சென்னைக்காரி. ஆங்கிலத்துக்கு நடுநடுவே தமிழ் தூவிப் பேசுவாள். யாரிடமும் ஒரு 'ங்க' போடமாட்டாள். வாட்ச்மேனிலிருந்து துணைவேந்தர்வரை எல்லோரிடமும் ஒரே மாதிரி வெடுக்வெடுக்கென்று பேசுவாள். அவள் பேசுவதைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். அவள்தான் நிர்வாகத்துக்குக் கடிதம் மேல் கடிதம் அனுப்பினாள். சோற்றை எடுத்துத் தொட்டியில் போடுவதற்கு வெட்கமாக இல்லையா என்று எழுதினாள். நிர்வாகம் வெட்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்கு மதியச் சாப்பாடு தேவைப்படுகிறது என்பதற்குச் சான்று இருந்தால் உடனே ஏற்பாடு செய்யலாம், பொருளாதாரத் துறை ஆராய்ந்து சொல்லட்டும் என்றது.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பருவத்துக்கான கள ஆய்வு அதுதான் என்று அறிவித்துவிட்டார். ஆய்வில் அவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று வந்தால் சாப்பாடு. இல்லையென்றால் இல்லை. காலை ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி மாலை ஐந்துவரை நிற்கிற ஒருத்திக்கு நடுவில் பசிக்குமா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வகுப்பே இறங்கியது. டேப்லெட் வந்தது. ஒரு டெல்லிப் பையன் அதில் செயலி எழுதினான். மாதிரி எடுப்பது எப்படி என்று இரண்டு வாரம் சண்டை போட்டோம். இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் ஆன செலவில் அவர்களுக்குச் சோறு போட்டிருக்கலாமே என்று என் அறைத்தோழி கேட்டாள். அது வேறு கேள்வி என்று பேராசிரியர் சொன்னார்.

யார் கேள்வி கேட்பது என்ற பேச்சு வந்தது. அறைத்தோழி கை தூக்கினாள். பேராசிரியர் அவளை மென்மையாக ஒதுக்கிவிட்டு என்னைக் காட்டினார். மண்ணின் மொழி பேசுகிறவள், அந்தப் பெண்கள் நம்புகிற முகம், நமக்கும் அவர்களுக்கும் பாலம் என்று என்னென்னவோ சொன்னார். மூன்று வருடமாக அந்த வகுப்பில் என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு உதட்டைக் கடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதோடு, லண்டனில் மேற்படிப்புக்கு அவரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

டெல்லிப் பையன் கேள்விகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்துத் தமிழாக்கி வைத்திருந்தான். 'கடந்த ஏழு தினங்களில் தாங்கள் நண்பகல் உணவைத் தவிர்த்தீர்களா' என்று இருந்தது. வானொலிச் செய்தி மாதிரி இருக்கிறது, யாருக்கும் புரியாது என்று நானே திருத்தினேன். 'மத்தியானம் சாப்ட்டீங்களாங்க' என்று மாற்றினேன். பேராசிரியர் கைதட்டினார். எங்கள் ஊரில் அது கேள்வியே இல்லை, வாசலில் ஆளைப் பார்த்தால் வாயில் தானாக வருவது, அதற்கு 'ஆச்சுங்க' என்பதைத் தவிர வேறு பதிலைப் பிறந்ததிலிருந்து நான் கேட்டதில்லை. மூன்று நாள் சாப்பிடாதவரும் ஆச்சுங்க என்றுதான் சொல்வார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தக் கேள்வியை எழுதினேன் என்று சொல்லமாட்டேன். கைதட்டலில் மறந்துபோனேன்.

கேள்விக்கு முன்னால் இணக்கம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது பேராசிரியரின் விதி. ஐந்து நிமிடம் சும்மா பேச வேண்டும், அதற்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண்ணும் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் இணக்கத்துக்கு ஒரே வழிதான் உண்டு. எந்த ஊர் என்று கேட்பது. ஊர் தெரிந்தால் ஊரில் எந்தப் பக்கம் என்பது வரும். அது தெரிந்தால் யார் வகையில் என்பது வரும். மூன்றாவது கேள்வி முடிவதற்குள் எதிரில் இருப்பவர் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர், எந்தக் கோயிலுக்குள் போகாதவர் என்பதெல்லாம் தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, சிரித்த முகத்தோடு சாதியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆட்கள் நாங்கள். நான் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன்.

முதல் ஆளாக எங்கள் விடுதி மாடியைக் கூட்டுகிற அக்காவைத்தான் பிடித்தேன். முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயது இருக்கும். போத்தனூரில் ஒரு லைன் வீட்டில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவார். இரண்டு வருடப் பழக்கம். என்னைக் கண்ணு என்பார். குளியலறைச் சல்லடையில் முடியைப் போட்டு அடைத்து வைத்தால், கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டி, நார் நாராகக் கிழிப்பார். திட்டிலும் 'ங்க' இருக்கும், ஆனால் திட்டு திட்டாகவே இருக்கும். வீட்டை விட்டு வந்த எனக்கு அது தேவையாகவும் இருந்தது.

பச்சைக் கோட்டுக்காரர்கள் துடைப்பம் வைக்கிற அறையில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். இணக்கத்தை ஆரம்பித்தேன். அக்காவுக்கு எந்த ஊர் என்று கேட்டேன்.

"கொடுமுடிக்குப் பக்கமுங்க கண்ணு. கட்டிக்குடுத்துத்தான் போத்தனூரு."

கொடுமுடிக்குப் பக்கம் எங்கே என்றேன். ஊர்ப் பெயரைச் சொன்னார். எங்கள் ஊர். எனக்குத் துள்ளிக் குதிக்காத குறை. இரண்டு வருடம் தினமும் பார்த்த முகம், நம்ம ஊர் என்று தெரியாமல் போய்விட்டதே என்று ஆற்றாமையாக இருந்தது. எங்கள் தோட்டமும் அங்கேதான், வாய்க்கால் மேட்டில் இரட்டைக் கிணறு இருக்கும் தோட்டம் என்று கடகடவென்று சொன்னேன். அப்பா பெயரையும் சொன்னேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அந்த ஊட்டு அம்மணிங்களா? எங்கப்பன் உங்க தோட்டத்துக்குத்தானுங்க மஞ்ச வெட்ட வருவாரு."

உட்காருங்கக்கா என்று சொன்னேன். பரவாயில்லைங்க என்றார். திரும்பவும் சொன்னேன், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்துகொள்ளத் தோதாக உட்கார்ந்தார். நான் டேப்லெட்டில் இணக்கம் என்ற இடத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

மத்தியானம் சாப்ட்டீங்களாங்க என்று கேட்டேன். ஆச்சுங்க அம்மணி என்றார். நேற்று? நேற்றும் ஆச்சு. அதற்கு முந்தின நாள்? எல்லா நாளும் ஆச்சுங்க, எங்களுக்கென்னங்க குறை என்றார். ஏழு கட்டத்திலும் 'ஆம்' என்று தட்டினேன். அவருக்குப் பின்னால் சுவரில் ஆணிகளில் வரிசையாகப் பைகள் தொங்கின. எல்லாம் துணிப்பைகள். உள்ளே ஒன்றும் இல்லாத துணிப்பை எப்படித் தொங்குமோ அப்படித் தட்டையாகத் தொங்கின. கழுவிக் கவிழ்த்த ஒரு டப்பாகூட அந்த அறையில் இல்லை. நான் அதைப் பார்த்தேன். செயலியில் பையைப் பற்றி எழுத இடமில்லை.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லோரிடமும் ஊர் கேட்டேன், எல்லோரிடமும் என் ஊரைச் சொன்னேன், தோட்டத்தைச் சொன்னேன். எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள். எங்கள் விடுதியில் பாதிப் பேர் காலையிலும் மதியத்திலும் சாப்பிடாமல் காபியில் ஓட்டுகிறவர்கள். ஆக, வளாகத்தில் வேளாவேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் துப்புரவுப் பெண்கள் மட்டும்தான் என்பது எங்கள் ஆய்வின் முடிவாக வந்தது.

நிர்வாகத்தின் முன்னால் நான்தான் அதைச் சொன்னேன். திரையில் வரைபடம், அதில் சாப்பிட்டவர்களுக்கு ஒரே ஒரு நீலத் தூண், தலை முட்டுகிற மாதிரி. பக்கத்தில் சாப்பிடாதவர்களுக்கான தூண் இருக்க வேண்டிய இடம் காலி. இவ்வளவு தெளிவான முடிவை அரிதாகத்தான் பார்க்கிறோம் என்று நிர்வாக அதிகாரி சந்தோஷப்பட்டார். அறைத்தோழி மட்டும் பின்வரிசையிலிருந்து இது பொய் என்று உரக்கச் சொன்னாள். பேராசிரியர் அவளிடம் சான்று கேட்டார். அவளிடம் இல்லை. எனக்கு ஏ கிரேடு கிடைத்தது. அன்று சாயங்காலம் அறையில் அவள் என்னோடு பேசவில்லை. தோற்றுவிட்ட எரிச்சல் என்று நினைத்து நான் தாராளமாக மன்னித்துவிட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சாப்பாடு இல்லை என்று முடிவானது. ஆனால் அந்தப் பெண்கள் வீட்டிலிருந்து இவ்வளவு ஒழுங்காகச் சாப்பாடு கொண்டு வருவதை மதித்து, அவர்கள் டப்பா வைக்க நிர்வாகம் ஒரு ஸ்டீல் அலமாரி செய்து கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் எண் போட்ட தனித்தனிக் கட்டம். ரிப்பன் கட்டித் திறந்தார்கள். பச்சைக் கோட்டுக்காரர்களை வரிசையாக நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். என்னையும் முன்னால் நிற்க வைத்தார்கள்.

பத்து நாள் கழித்து, ஒரு வாளி கேட்டு அந்தத் துடைப்ப அறைக்குப் போனேன். மதியம் ஒரு மணி இருக்கும். அலமாரியின் எல்லாக் கட்டமும் காலியாக இருந்தது. ஒன்றில் மட்டும் யாரோ பினாயில் பாட்டிலை வைத்திருந்தார்கள். அந்தத் தட்டைப் பைகளைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். தெரிந்ததை மறைக்க எனக்கு ஒரு செயலி தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

பேராசிரியரிடம் ஓடினேன். பக்கத்தில் போய் இருமினேன். அவர்கள் யாரும் சாப்பிடவில்லை, மரியாதைக்காகச் சொன்னார்கள், நான் கேட்டதே தப்பு, முடிவைத் திருப்பி வாங்குங்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இது தவறே இல்லை, கண்டுபிடிப்பு என்றார். கேட்பவர் மனம் நோகாமல் பதில் சொல்கிற பழக்கம், அதனால் வரும் பிழை, இதை வைத்து அருமையான ஒரு கட்டுரை எழுதலாம், என் பெயரும் அதில் வரும் என்றார். அலமாரி காலியாக இருப்பதைச் சொன்னேன். காலி அலமாரி ஒரு குறிப்புதான், சான்று ஆகாது என்றார். திரும்பப் போய் அவர்கள் வாயால் உண்மையைப் பதிவு செய்துகொண்டு வா, நிர்வாகத்திடம் நானே பேசுகிறேன் என்று அனுப்பினார்.

மறுநாள் அக்காவைத் தேடிப் போனேன். மாடிப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். அன்று துடைப்ப அறையில் பேசிய பிறகு அவர் ஒரு முறைகூட என்னைத் திட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சல்லடை முடியை அவரே எடுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதிக் கொடுத்ததால்தான் சோறு வராமல் போனது என்று சொன்னேன். இப்போது உண்மையைச் சொன்னால் சோறு வந்துவிடும் என்று சொன்னேன். காலையிலிருந்து இப்போதுவரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சுங்க என்றுதான் மறுபடியும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்காகத்தானே கேட்கிறேன், இதில் என்ன வறட்டுப் பிடிவாதம் என்று கத்தினேன். தோட்டத்து வீட்டுக் குரல் அது. என் அப்பா ஆட்களிடம் பேசும் குரல் என் தொண்டையில் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். அவர் பயப்படவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"உங்ககிட்ட எப்படிங்க அம்மணி சொல்றது? ஊருக்குப் போயிருமுங்க. கட்டிக்குடுத்த எடத்துல புள்ளைக்குச் சோறில்லையாமான்னு எங்கப்பனை உங்க தோட்டத்துல வெச்சே கேப்பாங்க."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன். சத்தியம் செய்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லமாட்டேன் என்றேன்.

"நீங்க சொல்லமாட்டீங்கங்க. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமில்லீங்க."

அவரே கொஞ்சம் இளகினார். அழுதுவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

"உங்க ரூமுல ஒரு மெட்ராஸ் புள்ளை இருக்குதுல்லீங்க, அதை வரச் சொல்லுங்க. அதுக்கு எங்களைத் தெரியாது. அதுகிட்டன்னா என்ன வேணாலும் சொல்லிப்போடலாம். நீங்க மட்டும் அக்கட்டால இருந்துக்குங்க."

அறைத்தோழியிடம் போய் டேப்லெட்டை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். குத்திக் காட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். அவள் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். துடைப்ப அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா சொன்னபடி நான் தள்ளி, வராந்தாவின் கடைசியில் நின்றேன். அவளுடைய வெட்டுத் தமிழ் அங்கேவரை கேட்டது. ஊரும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. இன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டாய் என்று எடுத்த எடுப்பில் கேட்டாள். பதில்கள் எனக்குக் கேட்கவில்லை. நடுவில் ஒரு முறை எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் வந்தது. பிறகு யாரோ ஒருத்தி அழுகிற சத்தமும் வந்தது. மூன்று வருடம் படித்ததில் நான் இவ்வளவு வெட்கப்பட்டு நின்ற இடம் வேறு இல்லை. இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு வெளியே வந்தாள். இணக்கம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ஐந்துக்கு ஒன்று போட்டிருந்தாள்.

நீலத் தூண் போய் இப்போது சிவப்புத் தூண் நின்றது. நிர்வாக அதிகாரி இதையும் தெளிவான முடிவு என்றார். அடுத்த மாதத்திலிருந்து பச்சைக் கோட்டுக்காரர்களுக்கு மெஸ்ஸில் இரண்டேகால் மணிக்குச் சாப்பாடு என்று உத்தரவு வந்தது. பேராசிரியரின் கட்டுரையும் வந்தது. அதில் என் பெயர், மண்ணின் மக்களோடு எனக்கிருந்த அரிய நெருக்கத்துக்காக நன்றி என்று அடிக்குறிப்பில் இருந்தது. கேள்வி கேட்டவளின் பெயர் எங்கும் இல்லை. அவள் அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தாள். சிபாரிசுக் கடிதத்திலும் அந்த நெருக்கம் வந்தது. அதை வைத்து லண்டனில் இடமும் கிடைத்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சாப்பாடு ஆரம்பித்த முதல் நாள், ஆசையாகப் பார்க்கப் போனேன். வியாழக்கிழமை. நீளமான மேசையில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்து அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தமான பேச்சு, ஊறுகாய்க்கு அடிதடி. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததைக் கடைசியில் உட்கார்ந்திருந்த அக்கா பார்த்தார். பாதிச் சாப்பாட்டில், சோற்றுக் கையோடு எழுந்து நின்றார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பிறகு மேசை முழுக்க ஒவ்வொருவராக எழுந்தார்கள். உட்காருங்க, உட்காருங்க என்று நான் கெஞ்சினேன். வாங்க அம்மணி என்று சொல்லி நின்றார்களே தவிர உட்காரவில்லை. நான் வெளியே போனால்தான் உட்காருவார்கள் என்று புரிந்து, வெளியே வந்தேன். கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

அந்தக் கடைசிப் பருவம் முழுக்க, இரண்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்துவிட்டு மெஸ்ஸைவிட்டுக் கிளம்பிவிடுவேன். வகுப்பு நீண்டு நேரமாகிவிட்ட நாட்களில், வாசல்வரை போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே அறைக்குத் திரும்பிவிடுவேன். ஏன் சாப்பிடவில்லை என்று அறைத்தோழி ஒரு நாள் கேட்டாள். ஆச்சு என்று சொன்னேன்.